13 மாதக் குழந்தையைக் காரில் எந்தப் பக்கம் பார்த்து அமர்த்துவது, அழுதால் மடியில் எடுக்கலாமா?

மகளுக்கு 13 மாதம், எடை ஒன்பதரைக் கிலோ. கோயம்புத்தூரிலிருந்து திருநெல்வேலிப் பக்கத்தில் உள்ள குலதெய்வக் கோயிலுக்கு மொட்டையடிக்கக் காரில் போகவிருக்கிறீர்கள். கார் சீட் வாங்கிய கடையில், ஒன்பது கிலோவைத் தாண்டிவிட்டதால் இனி முன்பக்கம் பார்த்து வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் மாமியாரோ, இவ்வளவு தூரம் பிள்ளையைக் கட்டிப்போட்டுக் கூட்டிப்போக வேண்டுமா, என் மடியில் இருக்கட்டும் என்கிறார். கூட வரும் ஆறு வயதுக் கொழுந்தனார் மகனுக்குக் காரில் இருக்கும் பெல்ட்டையே போட்டால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேள்வி சீட்டைத் திருப்பும் திசையைப் பற்றியதுபோல் இருந்தாலும், உங்கள் மனத்தில் இருப்பது இதுதான் என்று நினைக்கிறேன்: ஆறேழு மணி நேரப் பயணத்தில் குழந்தை அழத்தான் செய்யும், அப்போது மடிக்கு எடுத்தால் அது உண்மையிலேயே அத்தனை ஆபத்தா, ஆபத்து என்றால் அதைப் பெரியவர்களிடம் எப்படிச் சொல்வது? நான் குழந்தை மருத்துவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குழந்தைகளுக்கான அவசர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறேன். கார்களின் பொறியியலில் எனக்குத் தேர்ச்சி கிடையாது. உங்கள் காரை நேரில் பார்க்காமல் இன்ன கம்பெனி சீட் அதில் சரியாகப் பொருந்தும் என்றும் சொல்ல இயலாது. குழந்தையின் உடலுக்கு விபத்தில் என்ன நேர்கிறது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும்.

மடியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் இதில் ஐயத்துக்கு இடமே இல்லை. மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது மதுரைச் சாலையில் ஒரு வேகமாகவே யாருக்கும் தோன்றாது. அந்த வேகத்தில் போகும் கார், நின்றுகொண்டிருக்கும் லாரியின் பின்புறத்திலோ பாலத்தின் சுவரிலோ மோதினால், ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் நின்றுவிடுகிறது. ஆனால் உள்ளே இருப்பவர்கள், ஏதாவது ஒன்று பிடித்து நிறுத்தும்வரை, அதே 50 கிலோமீட்டர் வேகத்தில் முன்னே போய்க்கொண்டுதான் இருப்பார்கள். அந்தக் கணத்தில் உடல் தன் எடையைப்போல ஏறக்குறைய இருபது மடங்கு கனக்கும். ஒன்பதரைக் கிலோக் குழந்தையைப் பிடித்து வைத்திருக்க 190 கிலோவைத் தாங்கும் கைகள் வேண்டும். அதுவும் கண் இமைப்பதற்குள், எதிர்பாராத நேரத்தில். பிடியை விட்டு நழுவும் குழந்தை முன்சீட்டிலோ டேஷ்போர்டிலோ போய் மோதும்போது படும் அடி, ஏறத்தாழப் பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடி அளவிலிருந்து, கீழே விழும் அடிக்குச் சமம்.

எட்டு மாதக் குழந்தை ஒன்றைத் தலையில் அடியோடு கொண்டுவந்த இரவு எனக்கு நினைவிருக்கிறது. கார் எதிலும் மோதியிருக்கவில்லை. குறுக்கே மாடு வந்ததால் வேகமாக பிரேக் பிடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பாட்டி முன்சீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். ஸ்கேன் எடுத்து முடிக்கும்வரை அந்த அம்மாள் தம் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தபடி, "கையை விட்டுட்டேனே, கையை விட்டுட்டேனே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தக் குழந்தை பிழைத்துக்கொண்டது. அவரிடம் நான் சொன்னதையே உங்கள் மாமியாரிடமும் சொல்லுங்கள்: அவர் கையை விடவில்லை, அந்த விசையில் யாருடைய கையும் நிற்காது. அன்பு குறைவு, கவனம் குறைவு என்று அவர் எடுத்துக்கொள்ளாதபடி இதைச் சொல்வது முக்கியம். எத்தனையோ பிள்ளைகளை மடியிலேயே ஊருக்கு ஊர் கொண்டுபோய் வளர்த்தவர்கள் அவர்கள். அன்று பேருந்திலும் வண்டியிலும் போன வேகம் வேறு, இன்று நான்குவழிச் சாலையில் போகும் வேகம் வேறு.

மடியில் வைத்துக்கொண்டு இருவருக்கும் சேர்த்து ஒரே பெல்ட்டைப் போட்டுக்கொள்ளலாமே என்று பலர் கேட்பார்கள். இது வெறும் மடியைவிடவும் மோசமானது. 60 கிலோ எடையுள்ள பெரியவரின் உடல் மோதலின்போது ஆயிரம் கிலோவுக்கு மேல் கனத்து, பெல்ட்டுக்கும் தனக்கும் நடுவே குழந்தையை நசுக்கும். மார்போடு கட்டிக்கொள்ளும் குழந்தைப் பையும் அப்படித்தான். அது நடப்பதற்கானது, காருக்கானது அல்ல.

இனி கடைக்காரர் சொன்னதற்கு வருகிறேன். அவர் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லியிருக்கிறார். நம் கடைகளில் அதிகம் விற்பவை இருபுறமும் திருப்பி வைக்கக்கூடிய சீட்டுகள். அவற்றின் பழைய ஐரோப்பிய விதியான ஆர்44-இன்படி, பிறந்ததிலிருந்து 13 கிலோ வரை பின்நோக்கியும், அதாவது குழந்தையின் முகம் காரின் பின்கண்ணாடியைப் பார்க்கும்படியும், 9 கிலோவிலிருந்து 18 கிலோ வரை முன்நோக்கியும் வைக்கலாம். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும் 9 கிலோவுக்கும் 13 கிலோவுக்கும் இடைப்பட்ட பகுதியில்தான் உங்கள் மகள் இருக்கிறாள். "திருப்பலாம்" என்பதைக் கடைக்காரர் "திருப்ப வேண்டும்" என்பதுபோலச் சொல்லிவிட்டார். பின்னால் வந்த ஆர்129 என்ற விதி எடையை மட்டும் நம்பாமல் உயரத்தையும் வயதையும் பார்க்கிறது. அதன்படி 15 மாதம் முடியும்வரை எந்தக் குழந்தையையும் முன்நோக்கி வைக்கவே கூடாது. ஆகவே உங்கள் மகளைப் பொறுத்தவரை விடை தெளிவு: இந்தப் பயணத்துக்கு மட்டுமல்ல, இன்னும் பல மாதங்களுக்குச் சீட் பின்நோக்கியே இருக்கட்டும்.

ஏன் என்பதை எடையைக் கொண்டு விளக்க முடியாது; கழுத்தைக் கொண்டுதான் விளக்க வேண்டும். பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் நாலில் ஒரு பங்கு தலை. வளர்ந்தவர்களுக்கு அது எட்டில் ஒரு பங்குக்கு அருகில்தான். அத்தனை கனமான தலையைத் தாங்கும் கழுத்தெலும்புகள் இந்த வயதில் முழு எலும்புகளாகவே ஆகியிருக்காது. ஒவ்வொரு முள்ளெலும்பும் குருத்தெலும்பால் இணைந்த துண்டுகளாக இருந்து, மூன்று வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில்தான் ஒன்றாகச் சேர்ந்து இறுகும். தசைநார்களும் தளர்வு. முன்நோக்கி அமர்ந்திருக்கும் குழந்தையின் உடலைப் பட்டைகள் பிடித்து நிறுத்தும்போது தலையை எதுவும் பிடிப்பதில்லை. அது முன்னால் எறியப்பட்டுக் கழுத்தை இழுக்கும். எலும்பு முறியாமலேயே உள்ளிருக்கும் தண்டுவடம் இழுபட்டுச் சேதமாகும் அளவுக்கு அந்த இழுப்பு போகக்கூடும். பின்நோக்கி அமர்ந்திருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒன்றாகச் சீட்டின் முதுகுப்புறத்தில் அழுந்தும். விசை முதுகு முழுவதும் பரவிவிடும். ஸ்வீடனில் பெர்டில் ஆல்ட்மன் என்ற பேராசிரியர் 1960-களில் இந்த முறையை வகுத்தபோது அவருக்குத் தூண்டுதலாக இருந்தவை ஜெமினி விண்வெளி வீரர்களின் இருக்கைகள். கிளம்பும் விசையை அந்த வீரர்கள் முதுகால் தாங்கிக்கொள்வதைப் பார்த்துவிட்டு, குழந்தைக்கும் அப்படியே செய்யலாம் என்று நினைத்தார். ஸ்வீடனில் இன்றும் நான்கு வயதுவரை பின்நோக்கி அமர்த்துவது வழக்கம்.

உறுதியானது இதுவரை சொன்னதுதான். எத்தனை வயதுவரை என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு உண்டு, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டாம் வயதில் இருக்கும் குழந்தைகளுக்குப் பின்நோக்கி அமர்வது ஐந்து மடங்கு பாதுகாப்பு என்று 2007-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. அதையொட்டி அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2011-இல் இரண்டு வயது என்ற எல்லையை வைத்தது. பிறகு அந்த ஆய்வின் கணக்கீட்டில் பிழை இருப்பது தெரிந்து, ஆய்வே திரும்பப் பெறப்பட்டது. 2018-இல் கழகம் இரண்டு வயது என்ற எல்லையை நீக்கிவிட்டு, சீட்டின் எடை, உயர வரம்பு அனுமதிக்கும்வரை பின்நோக்கியே வைத்திருங்கள் என்று மாற்றி எழுதியது. "ஐந்து மடங்கு" என்ற எண்ணை இன்றும் விளம்பரங்களில் பார்க்கலாம். அதை நம்ப வேண்டாம். எண் போனாலும் கழுத்தைப் பற்றிய காரணம் போகவில்லை. என் கருத்து, சீட் இடம் கொடுக்கும்வரை திருப்பாதீர்கள் என்பதே. கால் மடங்கி இருக்கிறதே, வலிக்காதா என்று தாய்மார்கள் கேட்பார்கள். இந்த வயதில் குழந்தைகள் தரையில்கூடச் சம்மணம் போட்டுத்தானே உட்காருகிறார்கள்! சீட்டிலும் அப்படியே உட்கார்ந்துகொள்வார்கள்.

இதோடு சேர்ந்த ஒரு எச்சரிக்கை: பின்நோக்கிய சீட்டை முன்னிருக்கையில், ஏர்பேக் வேலை செய்யும் நிலையில், ஒருபோதும் வைக்கக் கூடாது. ஏர்பேக் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வெடித்து விரியும். அது நேராகக் குழந்தையின் தலைக்குப் பின்னால் உள்ள பகுதியில் அடிக்கும். மற்றபடி பிழைத்திருக்கக்கூடிய சிறு விபத்துகளில் குழந்தைகள் இறந்தது இப்படித்தான்.

பின்னிருக்கையில் எந்த இடம் என்றால், நடு இடமே பாதுகாப்பு கூடியது என்று 2008-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் காயம் 43 சதவீதம் குறைவு. ஆனால் நம் கார்களில் குழந்தை சீட்டை நேராகக் காரோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி நடுவில் பெரும்பாலும் இருக்காது, பழைய கார்களில் அங்கே இடுப்பு பெல்ட் மட்டுமே இருக்கும். நடுவில் ஆடிக்கொண்டிருக்கும் சீட்டைவிட ஓரத்தில் உறுதியாக நிற்கும் சீட் நல்லது. இடது ஓரமாக இருந்தால் ஏற்றி இறக்கும்போது நீங்களும் சாலையில் நிற்க வேண்டியதில்லை.

பொருத்துவதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் பார்த்த வீடுகளில் நல்ல சீட் வாங்கியும் பயனில்லாமல் போனது இங்கேதான். உங்கள் காரின் பின்சீட்டில் முதுகுப் பகுதியும் அமரும் பகுதியும் சேரும் இடுக்கில் விரலை விட்டுப் பாருங்கள். ஒரு சாணைவிடச் சற்றுக் கூடுதலான இடைவெளியில் இரண்டு இரும்புக் கம்பிகள் தட்டுப்பட்டால் அவைதான் ஐசோஃபிக்ஸ். சீட்டிலும் அதற்கான கைகள் இருந்தால் "க்ளிக்" என்று இரண்டு புறமும் பூட்டி, குறிப்பான் பச்சையாக மாறுவதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சீட்டிலிருந்து காரின் தரைக்கு நீளும் தாங்குகால் இருந்தால் அது தரையில் அழுந்தி நிற்க வேண்டும். ஐசோஃபிக்ஸ் இல்லை என்றால் காரின் பெல்ட்டைக் கொண்டே கட்டலாம், அதில் குறையொன்றுமில்லை. ஆர்44 சீட்டுகளில் பெல்ட் போகும் வழியைப் பின்நோக்கி வைப்பதற்கு நீல நிறத்திலும், முன்நோக்கி வைப்பதற்குச் சிவப்பு நிறத்திலும் குறித்திருப்பார்கள். இந்த இரண்டையும் மாற்றிப் போடுவதே நான் அடிக்கடி காணும் தவறு. நீல வழியில் பெல்ட்டைச் செலுத்தி, பக்கிளை மாட்டி, ஒரு கையால் சீட்டைக் கீழே நன்றாக அழுத்திக்கொண்டு மறு கையால் பெல்ட்டைத் தொய்வில்லாமல் இழுக்க வேண்டும். முடிந்ததும், பெல்ட் போகும் அந்த இடத்தைப் பிடித்து இடமும் வலமும், முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல், அதாவது ஓர் அங்குலத்துக்கு மேல் நகர்ந்தால் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். சீட்டின் தலைப்பக்கம் கொஞ்சம் ஆடும், அதைக் கண்டு கலங்க வேண்டாம்.

குழந்தையைப் பிணைக்கும் பட்டைகளுக்கு விரல்நுனிச் சோதனை ஒன்று உண்டு. பின்நோக்கிய சீட்டில் தோள்பட்டைகள் குழந்தையின் தோள் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழிருந்தோ புறப்பட்டு வர வேண்டும். முன்நுனியில் உள்ள பட்டையை இழுத்து இறுக்கிய பின், காறை எலும்பின் மேல் இருக்கும் பட்டையைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பாருங்கள். துணி மடிப்பாக விரல்களுக்குள் அகப்பட்டால் தளர்வு என்று பொருள். விரல்கள் வழுக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். பாவம், இறுக்குகிறதே என்று இரண்டு இழுப்பு தளர்த்திவிடும் அப்பாக்களை எனக்குத் தெரியும். தளர்ந்த பட்டையிலிருந்து குழந்தை தோளை உருவிக்கொண்டு வெளியே வந்துவிடும், மோதலின்போது மட்டுமல்ல, சும்மா இருக்கும்போதே.

உங்கள் பயணத்துக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். கோயிலுக்குப் போகிறோம் என்று வீட்டிலேயே பட்டுப் பாவாடை கட்டி ஏற்றிவிடாதீர்கள். கால்களுக்கு நடுவே வரும் பட்டை பாவாடையின் மேல் சுருண்டு நின்று, இடுப்பில் படிய வேண்டிய பட்டைகள் வயிற்றுக்கு ஏறிவிடும். பருத்திச் சட்டையும் கால்சட்டையுமாக வரட்டும். கோயில் வாசலில் பாவாடை கட்டிக்கொள்ளலாம். அரைஞாணில் தாயத்தோ வெள்ளிக்காசோ தொங்கினால் அது பட்டைக்கு அடியில் அகப்படாமல் பக்கவாட்டில் ஒதுக்கிவிடுங்கள். ஊட்டிக்குப் போகும்போது போடும் தடித்த ஸ்வெட்டருக்கும் இதே விதிதான். பட்டையை மாட்டிய பிறகு மேலே போர்த்துங்கள். அடியில் பஞ்சு இருந்தால் பட்டை இறுகியதுபோலத் தோன்றும், ஆனால் இறுகியிருக்காது. முதுகுக்குப் பின்னால் சொந்தமாகத் தலையணையோ துண்டோ வைப்பதும் கூடாது.

சீட்டே வாங்காதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒரு வார்த்தை. கார் சீட்டின் பின்புறம் ஒட்டியிருக்கும் ஆரஞ்சு நிற ஒட்டுத்தாளில், வட்டத்துக்குள் ஆங்கில ‘ஈ’ எழுத்தும் ஓர் எண்ணும், ஆர்44/04 அல்லது ஆர்129 என்ற குறிப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியத் தரம் என்றால் ஏஐஎஸ்-072. இணையத்தில் மிக மலிவாகக் கிடைக்கும், சாதாரண மெத்தையில் நாலு பட்டை தைத்ததுபோன்ற துணி இருக்கைகளில் இந்தக் குறி இருக்காது; அவை மோதலில் தாங்காது. உறவினரிடமிருந்து வாங்கிப் பயன்படுத்தலாமா என்றால், அந்தச் சீட் விபத்தில் சிக்கியதில்லை என்பதை அவரே உறுதியாகச் சொல்ல முடிந்தால், பிளாஸ்டிக்கில் அச்சிட்டிருக்கும் ஆண்டு மிகப் பழையதாக இல்லாவிட்டால், தாராளமாகப் பயன்படுத்தலாம். விலை உயர்ந்த சீட்டைத் தவறாகப் பொருத்துவதைவிட, தரக்குறி உள்ள எளிய சீட்டை ஒவ்வொரு முறையும் சரியாகப் பொருத்துவது மேல். பலன் எவ்வளவு என்று கேட்டால், அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் கணக்குப்படி, சரியாகப் பயன்படுத்திய சீட் கார் விபத்துகளில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மரணத்தை 71 சதவீதமும், ஒன்றிலிருந்து நான்கு வயதுவரை உள்ளவர்களின் மரணத்தை 54 சதவீதமும் குறைக்கிறது. வேறெந்தத் தடுப்பு முறையையும் இதற்கு ஈடாகச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கும், தடுப்பூசி ஒன்றைத் தவிர. நம் நாட்டிலும் 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவு, 14 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது.

அடுத்தது ஆறு வயதுப் பையன். பெல்ட் போட்டால் போதுமே என்று எல்லோரும் இந்த வயதில் நிம்மதியாகிவிடுவார்கள். என் கவலை இங்கேதான் கூடும். காரின் பெல்ட் பெரியவர்களின் இடுப்பெலும்புக்காக அமைத்தது. பெரியவர்களுக்கு இடுப்பின் முன்புறம் துருத்தி நிற்கும் எலும்பு முனைகள் பெல்ட்டைக் கொக்கிபோலப் பிடித்து நிறுத்தும். பத்து வயதை ஒட்டும்வரை பிள்ளைகளுக்கு அந்த முனைகள் சரியாக வளர்வதில்லை. அதோடு, சீட் ஆழமாக இருப்பதால் முழங்காலை மடிப்பதற்காக முன்னால் சரிந்து உட்காருவார்கள். பெல்ட் தொடையிலிருந்து நழுவி வயிற்றின் மேல் ஏறிக்கொள்ளும். மோதலில் அது குடலையும் முதுகெலும்பையும் சேர்த்து அழுத்தும்.

ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியை ஒருமுறை விபத்துக்குப் பின் நடந்தே கூட்டிவந்தார்கள். ஒன்றுமில்லை டாக்டர், பெல்ட் போட்டிருந்தாள், லேசாக வயிறு வலி என்றார்கள். சட்டையைத் தூக்கிப் பார்த்தபோது தொப்புளுக்குக் குறுக்கே, நான்கு விரல் அகலத்தில், கோடு கிழித்ததுபோல நீலம் பாரித்திருந்தது. அந்தக் கோட்டைப் பார்த்தால் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பது எங்களுக்குப் பாடம். மறுநாள் காலை காய்ச்சல் வந்து, வயிறு பலகைபோல விறைத்தது. திறந்து பார்த்ததில் சிறுகுடலில் இரண்டு இடங்களில் ஓட்டை. பெல்ட் அவள் உயிரைக் காத்தது, அதில் ஐயமில்லை. பெல்ட் இல்லாவிட்டால் கண்ணாடி வழியாக வெளியே போயிருப்பாள். ஆனால் அடியில் பூஸ்டர் என்ற உயர்த்தும் இருக்கை இருந்திருந்தால் அந்த அறுவை சிகிச்சை தேவைப்பட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. விபத்துக்குப் பின் பிள்ளையின் வயிற்றில் பெல்ட் தடம் தெரிந்தால், அவன் விளையாடிக்கொண்டிருந்தாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பூஸ்டர் என்பது பிள்ளையைச் சற்று உயர்த்தி உட்காரவைக்கும் இருக்கை. பெல்ட்டின் கீழ்ப்பகுதி தொடையோடு இடுப்பெலும்பில் படியவும், மேல்பகுதி கழுத்தை உரசாமல் தோளின் நடுவில் போகவும் அது உதவுகிறது. ஆறு வயதுக்கு முதுகுச்சாய்வு உள்ளதை வாங்குங்கள். தூங்கும்போது தலை சாய இடம் இருக்கும். முதுகுச்சாய்வு இல்லாததும் நேர்மோதலில் வேலை செய்யும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு முக்கியமாகப் பக்கவாட்டு மோதலில்தான். அதை மூன்றுமுனைப் பெல்ட் உள்ள இடத்தில் மட்டுமே வைக்க வேண்டும், இடுப்பு பெல்ட் மட்டும் உள்ள நடு இடத்தில் கூடாது. உயரம் 145 முதல் 150 சென்டிமீட்டரைத் தொட்டு, முதுகு முழுவதும் சீட்டில் படிய, முழங்கால் சீட்டின் விளிம்பில் மடங்க, அப்படியே பயணம் முழுவதும் உட்கார முடிந்தால்தான் பூஸ்டரை விடலாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது பத்து வயதுக்கு மேல், பலருக்குப் பன்னிரண்டில். தோள் பெல்ட் குத்துகிறது என்று அதை அக்குளுக்கு அடியிலோ முதுகுக்குப் பின்னாலோ தள்ளிவிடப் பார்ப்பான், விடாதீர்கள்.

இப்போது ஐந்து பேருக்கும் இடம் பிரித்தால், இடது ஓரத்தில் மகளின் சீட், வலது ஓரத்தில் பையனின் பூஸ்டர், நடுவில் பாட்டி. சிறிய கார் என்றால் நெருக்கமாக இருக்கும். முதல் நாளே மூவரையும் உட்காரவைத்துப் பார்த்துவிடுங்கள். பாட்டியும் பெல்ட் போட்டே ஆக வேண்டும். பின்சீட்டில் பெல்ட் போடாத பெரியவர், மோதலின்போது பக்கத்திலிருக்கும் குழந்தையின் மேல் வந்து விழும் ஐம்பது, அறுபது கிலோ. மத்திய அரசின் சாலை விபத்து அறிக்கைப்படி, 2022-இல் நாட்டில் பெல்ட் அணியாததால் இறந்த 16,715 பேரில் 8,331 பேர் ஓட்டுநர்கள் அல்லர், பயணிகள். பொங்கல் வைக்கும் பித்தளைப் பானை, தேங்காய், தண்ணீர்க் கேன் எல்லாம் டிக்கியில் போகட்டும். பின்கண்ணாடிப் பலகையில் வைத்த நான்கு கிலோப் பானை மோதலில் 80 கிலோ விசையோடு முன்னால் வரும்.

அழுகைக்கு வருகிறேன். பழகாத குழந்தை முதல் பயணமே 350 கிலோமீட்டர் என்றால் அழும்தான். இன்றிலிருந்தே தினமும் பத்து நிமிடம் தெருவைச் சுற்றி வாருங்கள்; இரண்டு வாரத்தில் அந்தச் சீட் அவளுடையதாகிவிடும். தூங்கும் நேரத்தையொட்டிக் கிளம்புங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, இறக்கி, நடக்கவிட்டு, பால் கொடுத்து, டயப்பர் மாற்றுங்கள். ஓடும் காரில் முறுக்கோ கடலையோ குச்சி மிட்டாயோ வேண்டாம். புரையேறினால் பின்சீட்டில் பின்நோக்கி இருக்கும் குழந்தையின் முகம் ஓட்டுபவருக்குத் தெரியாது. நடுவில் விடாமல் அழுதால் ஒரே விதிதான்: முதலில் கார் நிற்கும், பிறகுதான் பக்கிள் திறக்கும். அதுவும் நெடுஞ்சாலை ஓரத்தில் அல்ல. சர்வீஸ் சாலைக்கோ பெட்ரோல் பங்குக்கோ இறங்கிய பின். கணவரும் மாமியாரும் நீங்களும் கிளம்பும் முன்பே இதை ஒத்துக்கொண்டால் வழியில் வாக்குவாதம் வராது. பாட்டிக்கு நடு இடம் கொடுப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு: பின்நோக்கி இருக்கும் பேத்தியின் முகம் முழுப் பயணமும் அவர் கண்ணெதிரே இருக்கும். கையைப் பிடித்துக்கொள்ளலாம், பாடலாம், விசிறலாம். மடியைத் தவிர மற்ற எல்லாம் அவருடையதுதான்.

திரும்பும் வழியைப் பற்றி ஒன்று பாக்கி. மொட்டையடித்து, சந்தனம் பூசி, பூசை முடிந்து நீங்கள் வரும்போது கார் நாலைந்து மணி நேரம் வெயிலில் நின்றிருக்கும். கண்ணாடி ஏற்றிய கார் வெயிலில் பத்தே நிமிடத்தில் பத்து டிகிரிக்கு மேல் சூடேறும். தூங்குகிறாளே என்று இரண்டு நிமிடத்துக்குக்கூட அவளை உள்ளே விட்டுவிட்டுப் போகாதீர்கள். இறங்கும்போதே சீட்டின் மேல் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துவிட்டுப் போங்கள். வந்ததும் கதவுகளைத் திறந்து காற்றோட வைத்து, பக்கிளின் இரும்பை உங்கள் உள்ளங்கையால் தொட்டுப் பார்த்து, சூடு தணிந்த பிறகு அவளை அமர்த்துங்கள். முடியில்லாத தலைக்குச் சீட்டின் துணி புதிதாக உறுத்தும் என்பதால் பழைய பருத்திச் சேலைத் துண்டை மெல்லிய ஒற்றை மடிப்பாக, தலைபடும் இடத்தில் மட்டும், பட்டைகளுக்கு அடியில் வராதபடி போட்டுக்கொள்ளலாம்.